எபிசோட் 38: சிவப்பா, ஆரஞ்சா? அமெரிக்கக் கார் விளக்கும் ஐரோப்பியக் கார் விளக்கும்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சில இடங்களில் சுருக்கப்பட்டிருக்கிறது.)

போன எபிசோட்ல வெளிநாட்டில் வாடகைக் கார் எடுக்கும்போது இன்ஷூரன்ஸ் விஷயத்தில் என்னென்ன கேட்கணும்னு பேசினோம். அதுக்கு வந்த மெயில்கள்ல ஒண்ணு கொஞ்சம் வேற மாதிரி இருந்தது. மிச்சிகன்ல இருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தாங்க. "அண்ணா, எங்க வீட்டுக்காரருக்கு ம்யூனிக்ல மூணு வருஷம் வேலை. இங்க ஒரு எஸ்யூவி இருக்கு, கடனெல்லாம் அடைச்சு முடிச்சாச்சு. கப்பல்ல ஏத்திக் கொண்டுபோகலாமான்னு யோசிக்கிறோம். லைட்டை எல்லாம் மாத்தணும்னு ஒருத்தர் சொல்றார். லைட்டுல என்ன அண்ணா இருக்கு, எல்லா ஊர்லயும் லைட் லைட்தானே? ரெண்டு பசங்களை வெச்சுக்கிட்டு ராத்திரியில ஆட்டோபான்ல ஓட்டணும், அதான் கேட்கிறேன்."

நல்ல கேள்வி. எல்லா ஊர்லயும் லைட் லைட்தானேன்னு பலரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. நான் ஓஹியோவுல பத்து வருஷத்துக்கு மேல ஓட்டிட்டு, இப்ப ஸ்டுட்கார்ட் பக்கம் ஓட்டுறேன். காரோட இஞ்சின், பிரேக், டயர் எல்லாம் ரெண்டு ஊர்லயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா விளக்கு மட்டும் ரெண்டு தனி மொழி. ஒரு மொழி தெரிஞ்சவர் இன்னொரு மொழி பேசுற ஊர்ல ராத்திரி நேரத்துல 120 கிமீ வேகத்துல போறார்னு வெச்சுக்கங்க, அதுதான் இன்னைக்கு விஷயம்.

பின்பக்கத்துல இருந்து ஆரம்பிப்போம். ஐரோப்பாவுல எந்தக் காரைப் பார்த்தாலும் பின் இண்டிகேட்டர் ஆரஞ்சு நிறத்துலதான் மின்னும். சட்டம் அப்படி. 1968-ல வியன்னாவுல போட்ட சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்துலயே இண்டிகேட்டர்னா ஆரஞ்சுன்னு எழுதி வெச்சுட்டாங்க. அமெரிக்கா அந்த ஒப்பந்தத்துல சேரலை. அங்க பின் இண்டிகேட்டர் ஆரஞ்சாகவும் இருக்கலாம், சிவப்பாகவும் இருக்கலாம், கார் கம்பெனி விருப்பம். முன்பக்கம் ரெண்டு ஊர்லயும் ஆரஞ்சுதான், அதுல சண்டை இல்லை.

சிவப்புன்னா என்ன ஆகும்? பல அமெரிக்கக் கார்கள்ல பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் ஒரே விளக்கு. பிரேக் மிதிச்சா எரியும், இண்டிகேட்டர் போட்டா அதே விளக்கு மின்னும். ரெண்டு பக்கமும் முழுசாத் தெரிஞ்சா குழப்பம் இல்லை. ஆனா பக்கத்து லேன்ல ஒரு லாரி, முன்னாடி போற காரோட வலது மூலை மட்டும்தான் உங்களுக்குத் தெரியுது, அங்க ஒரு சிவப்பு பளிச்சுன்னு எரியுது. அது பிரேக்கா, திரும்பப் போறாரா? அடுத்த தடவை அணையுதான்னு பார்த்தாதான் தெரியும். அந்த ஒரு மின்னலுக்குக் காத்திருக்கிற நேரத்துல நீங்க நெடுஞ்சாலையில எத்தனையோ மீட்டர் போயிடுறீங்க. ஆரஞ்சுன்னா பார்த்த உடனே தெரியும்: திரும்பப் போறார்.

இது வெறும் ரசனை விஷயம் இல்லை. அமெரிக்க அரசோட நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு, சுருக்கமா என்.எச்.டி.எஸ்.ஏ., 2009-ல ஒரு ஆய்வு வெளியிட்டது. திரும்பும்போதும் லேன் மாறும்போதும் பின்னாடி இருந்து இடி வாங்குற விபத்துகளை மட்டும் எடுத்துப் பார்த்தாங்க. ஆரஞ்சு இண்டிகேட்டர் உள்ள கார்கள் அப்படி இடி வாங்குறது 5.3 சதவீதம் குறைவுன்னு வந்தது. அவங்களே எண்ணிப் பார்த்து அவங்களே எழுதின அறிக்கை. அதுக்கப்புறமும் சட்டம் மாறலை. சிவப்பு இன்னும் அனுமதிதான். இதுல வேடிக்கை என்னன்னா, ஃபோர்டு மஸ்டாங் மாதிரி ஒரு வண்டியை ஐரோப்பாவுக்கு அனுப்பும்போது அதே கம்பெனி ஆரஞ்சு வெச்சுத்தான் அனுப்புது. செய்யத் தெரியாம இல்லை. உள்ளூர்ல கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்து, பின்பக்க ஃபாக் லைட். அமெரிக்காவுல இருந்து வர்றவங்களுக்கு முழுக்கப் புதுசா இருக்கிற விளக்கு இதுதான். ஃபாக் லைட்னா நாம முன் பம்பர்ல இருக்கிறதைத்தான் நினைப்போம். ஐரோப்பாவுல முன்னாடி இருக்கிறது விருப்பம், பின்னாடி இருக்கிறதுதான் கட்டாயம். குறைஞ்சது ஒண்ணு இருக்கணும், சிவப்பு, சாதாரண டெயில் லைட்டைவிடப் பத்து மடங்குக்கு மேல வெளிச்சம். மூடுபனியில பின்னாடி வர்றவர் உங்க மேல ஏறிடக்கூடாதுன்னு வெச்சது. ஒண்ணுதான் இருக்குன்னா அது டிரைவர் பக்கம், அதாவது ஜெர்மனியில இடது பக்கம் இருக்கும்.

இப்ப ரெண்டு பக்கமும் தப்பு நடக்குது பாருங்க. ஐரோப்பியக் கார் ஒண்ணு அமெரிக்காவுல ஃபாக் லைட்டைப் போட்டுக்கிட்டுப் போனா, பின்னாடி வர்றவர் "ஐயோ பாவம், ஒரு பக்கம் பிரேக் லைட் சிக்கிக்கிட்டு எரியுது, இன்னொரு பக்கம் பல்பு போயிடுச்சு"ன்னு நினைப்பார். இங்க ஜெர்மனியில வாடகைக் கார் எடுக்கிற நம்ம ஆளு, மழை பெய்யுதேன்னு ஸ்விட்ச்சைத் திருகி இழுத்து, இருக்கிற எல்லா விளக்கையும் போட்டுட்டுப் போவார். பல ஃபோக்ஸ்வாகன் கார்கள்ல ஸ்டியரிங்குக்கு இடது பக்கம் ஒரு வட்டத் திருகு இருக்கும். அதை ஒரு தடவை இழுத்தா முன் ஃபாக் லைட், இன்னொரு தடவை இழுத்தா பின் ஃபாக் லைட். தெரியாம ரெண்டு தடவை இழுத்தா போதும், பின்னாடி வர்றவருக்குக் கண்ணே தெரியாது. உங்க பிரேக் லைட்டும் அந்த வெளிச்சத்துல கரைஞ்சு போயிடும்.

ஜெர்மனியில அதைப் போட விதி ரொம்பக் கறார். மூடுபனியால பார்வை 50 மீட்டருக்கும் குறைஞ்சா மட்டும்தான். அப்படிப் பார்வை குறைஞ்சா வேகமும் 50 கிமீக்கு மேல போகக்கூடாது. 50 மீட்டரை எப்படி அளக்கிறது? ஆட்டோபான் ஓரத்துல நட்டிருக்கிற வெள்ளைக் கம்பங்கள் நேர்ச் சாலையில 50 மீட்டருக்கு ஒண்ணு. அடுத்த கம்பம் தெரிஞ்சா ஃபாக் லைட் வேண்டாம். சுலபமான கணக்கு, எனக்குப் பிடிச்ச கணக்கு. மழைக்கு அதைப் போடக்கூடாதுன்னே சட்டம்.

டேஷ்போர்டுல எப்படிக் கண்டுபிடிக்கிறது? பச்சைக் குறி, கோடுகள் கீழே சாய்ஞ்சு இருந்தா அது முன் ஃபாக் லைட். மஞ்சள் குறி, கோடுகள் நேரா இருந்தா பின் ஃபாக் லைட். காரை வாங்கின உடனே, ஏர்போர்ட் பார்க்கிங்லயே இதை ஒரு தடவை போட்டு, இறங்கிப் பின்னாடி போய்ப் பார்த்துட்டுக் கிளம்புங்க. இதுக்கு ரெண்டு நிமிஷம் போதும்.

இப்ப ஹெட்லைட். இங்கதான் கதை நீளம், கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

1940-ல இருந்து அமெரிக்காவுல எல்லாக் காருக்கும் ஒரே ஹெட்லைட்தான். 7 அங்குல வட்டம். பல்பு, ரிஃப்ளெக்டர், முன் கண்ணாடி மூணையும் சேர்த்து அடைச்சு மூடின ஒரே துண்டு, சீல்டு பீம்னு பேர். அந்தக் காலத்துக்கு அது உருப்படியான யோசனைதான். அதுக்கு முன்னாடி ரிஃப்ளெக்டர்ல தூசி, ஈரம் ஏறிக் கறுத்துப் போயிடும். விளக்கு எரியும், ஆனா வெளிச்சம் இருக்காது. சீல்டு பீம் வந்த பிறகு, நாட்டோட எந்த மூலையில பெட்ரோல் பங்க்ல நிறுத்தினாலும் உங்க காருக்கான விளக்கு கிடைக்கும். மாட்டினா புதுசு மாதிரி எரியும்.

சிக்கல் என்னன்னா, நல்ல யோசனையைச் சட்டமாக்கி அப்படியே உறைய வெச்சுட்டாங்க. ஐரோப்பா 1957-ல லோ பீமைச் சாய்வா வெட்டுற முறைக்குப் போச்சு. 1960-கள்ல ஹாலஜன் பல்பு வந்தது, 1971-ல எச்4 பல்பு வந்தது. நம்ம ஊர்ல இன்னைக்கும் மெக்கானிக் கடையில எச்4 கேட்டா எடுத்துக் கொடுப்பாங்களே, அதேதான். அமெரிக்கச் சட்டம் மட்டும் அடைச்சு மூடின விளக்கை விட்டு நகரலை. 1967-ல சிட்ரொயன் டிஎஸ் காருக்கு அழகான புது முகப்பு வந்தது. கண்ணாடி மூடிக்குள்ள விளக்கு, ஸ்டியரிங்கைத் திருப்பினா உள் விளக்கும் வளைவுப் பக்கம் திரும்பும். அமெரிக்காவுக்குப் போன டிஎஸ்ல மூடியும் இல்லை, திரும்புறதும் இல்லை. ஜாகுவார் இ-டைப் தன்னோட கண்ணாடி மூடியை இழந்ததும் இதே விதியாலதான். கடைசியா 1983-ல சட்டத்தைத் தளர்த்தி, 1984 மாடல் லிங்கன் மார்க் 7-லதான் பல்பை மட்டும் மாத்துற ஹெட்லைட் அமெரிக்காவுல வந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல அடைச்சு மூடின விளக்குதான்.

அந்த லோ பீம் வித்தியாசத்தைக் கொஞ்சம் விளக்கணும். ஐரோப்பியக் காரை ஒரு சுவருக்கு முன்னாடி நிறுத்தி லோ பீம் போடுங்க. கத்தியில வெட்டின மாதிரி ஒரு கோடு தெரியும். கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. எதிர்ல வர்றவர் பக்கம் கோடு படுத்திருக்கும், சாலையோரப் பக்கம் மேல ஏறும். எதிர்ல வர்றவருக்குக் கண் கூசாது, நடைபாதையில போற ஆள் உங்களுக்குத் தெரிவார். அமெரிக்க லோ பீம்ல அந்தக் கோடு பழைய நாள்ல கிடையாது. இப்ப இருக்கு, ஆனா மென்மையா இருக்கும், மேல நோக்கி அதிக வெளிச்சம் கசியும். அதுக்கும் ஒரு காரணம் உண்டு: அமெரிக்க நெடுஞ்சாலையில தலைக்கு மேல தொங்குற பெரிய பச்சைப் பலகைகள் பல, உங்க ஹெட்லைட் வெளிச்சம் பட்டுத்தான் மின்னும். கசிவு இல்லைன்னா பலகையைப் படிக்க முடியாது.

ஹை பீம்ல தலைகீழ். அமெரிக்காவுல ஒரு விளக்குக்கு 75,000 கேண்டெலாதான் உச்சம், ரெண்டும் சேர்ந்து 1,50,000. ஐரோப்பிய விதிப்படி மொத்தம் 4,30,000 வரை போகலாம். ஆக, ஐரோப்பாவோட கணக்கு இப்படி: எதிர்ல ஆள் இருந்தா ரொம்ப அடக்கமா இரு, ஆள் இல்லைன்னா முழுசாத் திறந்து விடு. அமெரிக்காவோட கணக்கு நடுவுல எங்கயோ நிக்குது. இதுல யார் சரின்னு கேட்டா, காலியான கிராமச் சாலையில ராத்திரி ஓட்டுறவன் நான், ஐரோப்பா பக்கம்தான் கை தூக்குவேன். அமெரிக்காவுலயே 2016-ல இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நடத்துற பாதுகாப்பு நிறுவனம் ஐ.ஐ.எச்.எஸ்., நடுத்தரக் கார்கள் 31-ஐ ராத்திரியில ஓட்டிப் பார்த்து ஹெட்லைட்டுக்கு மார்க் போட்டது. நல்லதுன்னு தேறினது ஒண்ணே ஒண்ணு, டொயோட்டா ப்ரியஸ் வி. எல்லாமே சட்டப்படி சரியான விளக்குகள்தான். சட்டம் கேட்கிற மார்க்கும் சாலை கேட்கிற மார்க்கும் வேறன்னு அன்னைக்குத்தான் பலருக்குப் புரிஞ்சது. அதுக்கப்புறம் கம்பெனிகள் வேகமா சரி பண்ண ஆரம்பிச்சாங்க.

இதுல இன்னொரு சின்னத் திருகு உண்டு. நிஜமாவே திருகுதான். ஐரோப்பியக் காரோட டேஷ்போர்டுல 0, 1, 2, 3-ன்னு எண் போட்ட ஒரு சக்கரம் இருக்கும். அமெரிக்காவுல ஓட்டினவங்க பலர் அதைத் தொட்டே இருக்க மாட்டாங்க, ஏன்னா அங்க அது கட்டாயமே இல்லை. பின் சீட்ல மூணு பேர், டிக்கி நிறையப் பெட்டி, மேல ஸ்ட்ரோலர்னு ஏத்தினா காரோட பின்பக்கம் இறங்கி மூக்கு தூக்கும். ஹெட்லைட்டும் சேர்ந்து தூக்கும். எதிர்ல வர்ற எல்லாரும் உங்களைத் திட்டி ஹெட்லைட் அடிப்பாங்க, நீங்க "லோ பீம்லதானே போறேன், இவனுக்கு என்ன"ன்னு நினைப்பீங்க. நீங்க தனியா ஓட்டும்போது 0, பாரம் ஏற ஏற எண்ணைக் கூட்டுங்க. விலை கூடின கார்கள்ல இது தானா நடக்கும், சக்கரமே இருக்காது.

பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் நடுவுல ஓட்டுறவங்களுக்கு வேற தலைவலி. லண்டன்ல இருக்கிற நம்ம ஈழத்துச் சொந்தங்கள் பாரிஸ்ல கல்யாணம், லா சப்பல்ல கடைன்னு காரோட கடல் தாண்டுறது சர்வசாதாரணம். பிரிட்டிஷ் ஹெட்லைட் இடது ஓரத்தைப் பார்த்து ஏறும். பிரான்ஸ்ல அந்த இடதுலதான் எதிர் வண்டி வரும். நேரா கண்ணுல அடிக்கும். அதுக்குத்தான் ஹெட்லைட்ல ஒட்டுற ஸ்டிக்கர் கப்பல் துறையில விக்கிறாங்க. புதுக் கார்கள் சிலதுல மெனுவுக்குள்ள ஒரு 'சுற்றுலா' அமைப்பு இருக்கும், ஸ்டிக்கர் வேண்டாம். உங்க காரோட கையேட்டைப் பார்த்துட்டு ஒட்டுங்க.

சரி, எல்லாத்துலயும் ஐரோப்பாதான் ஒசத்தின்னு நான் சொல்ல வரலை. ரெண்டு விஷயத்துல அமெரிக்கா முந்தி. ஒண்ணு, பக்கவாட்டு விளக்கு. அமெரிக்கக் காரை ராத்திரியில பக்கத்துல இருந்து பாருங்க, முன் மூலையில சின்ன ஆரஞ்சு, பின் மூலையில சின்ன சிவப்பு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். 1968-ல ஆரம்பிச்சு 1970-ல விளக்கும் ரிஃப்ளெக்டரும் ரெண்டுமே கட்டாயம் ஆச்சு. சந்துல இருந்து ஒரு கார் குறுக்கே வந்தா, அது எந்தப் பக்கம் பார்த்து நிக்குது, எவ்வளவு நீளம்னு ஒரே பார்வையில தெரியும். ஐரோப்பாவுல சாதாரணக் காருக்கு இது கட்டாயம் இல்லை. பக்கத்துல இண்டிகேட்டர் மட்டும் மின்னும், மத்தபடி இருட்டு. இங்க வந்த புதுசுல எனக்கு ரொம்ப உறுத்தின விஷயம் இதுதான், இன்னும் உறுத்துது.

ரெண்டாவது, பின் கண்ணாடியில நடுவுல இருக்கிற மூணாவது பிரேக் லைட். அது 1974-ல சான் பிரான்சிஸ்கோ டாக்ஸிகள்ல சோதனையா ஆரம்பிச்சது. 1986 மாடல்ல இருந்து அமெரிக்கக் கார்களுக்குக் கட்டாயம். ஐரோப்பாவுல கட்டாயமாக 1990-களோட கடைசி ஆச்சு. டாக்ஸிச் சோதனையில பின்னாடி இடி வாங்குறது பாதிக்கும் மேல குறைஞ்சதாச் சொன்னாங்க. எல்லாக் காருக்கும் வந்து, கண்ணு பழகின பிறகு, நிலையான பலன் 4.3 சதவீதம்னு என்.எச்.டி.எஸ்.ஏ. சொன்னது. சின்ன எண்தான். ஆனா ஒரு பல்போட விலையைப் பாருங்க.

இப்ப மிச்சிகன் சகோதரிக்கு வர்றேன். அமெரிக்காவுல விளக்குக்கான விதிக்கு எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 108-னு பேர். அங்க கார் கம்பெனியே "எங்க வண்டி விதிப்படி இருக்கு"ன்னு சொல்லிச் சான்று போட்டுக்கும். அரசு பிறகு சந்தையில இருந்து வாங்கிச் சோதிக்கும், தப்புன்னா ரீகால். ஐரோப்பாவுல முதல்லயே சோதிச்சு அனுமதி வாங்கணும். அனுமதி வாங்கின விளக்குல ஒரு வட்டத்துக்குள்ள ஆங்கில இ எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். 1-ன்னா ஜெர்மனி, 2-ன்னா பிரான்ஸ், 11-ன்னா பிரிட்டன். உங்க எஸ்யூவி ஹெட்லைட்ல டார்ச் அடிச்சுப் பாருங்க. அமெரிக்க முத்திரை மட்டும் இருந்து வட்டத்துக்குள்ள இ இல்லைன்னா, ஜெர்மனியில பதிவு பண்ணும்போது அந்த விளக்கு கேள்விக்கு உள்ளாகும்.

கொஞ்ச நாள் சுற்றிப் பார்க்கப் போறவங்க சொந்தக் காரை அப்படியே ஓட்டலாம், சர்வதேச ஒப்பந்தங்கள் அதுக்கு இடம் கொடுக்குது. உங்களுக்கு மூணு வருஷம். அப்போ ஜெர்மன் நம்பர் பிளேட் வாங்கணும், தனி ஒரு வண்டிக்கான முழுப் பரிசோதனைக்குப் போகணும். அங்க பரிசோதகர் விளக்கு ஒவ்வொண்ணையும் போடச் சொல்லிப் பார்ப்பார். பின் இண்டிகேட்டர் சிவப்பா, ஆரஞ்சு ஆக்கணும். பின் ஃபாக் லைட் இல்லையா, புதுசா மாட்டணும், ஸ்விட்ச்சும் டேஷ்போர்டுல குறியும் சேர்த்து. முன் பார்க்கிங் லைட் ஆரஞ்சா, வெள்ளை ஆக்கணும். பக்க இண்டிகேட்டர், ஹெட்லைட்டை ஏத்தி இறக்குற வசதி, ஹெட்லைட்டே கூட. அந்த மாடல் ஐரோப்பாவுலயும் வித்ததுன்னா இங்கத்து விளக்கை வாங்கி மாட்டலாம், ஆனா ஒயரும் கம்ப்யூட்டரும் அதை ஏத்துக்கணும். அமெரிக்காவுல மட்டும் வித்த மாடல்னா பம்பர்ல துளை போட்டுத் தனி விளக்கு வெக்கிற வேலைதான்.

அதனால, சகோதரி, என் கருத்தைக் கேட்டா, வண்டியை அங்கேயே நல்ல விலைக்கு வித்துட்டு வாங்க. அமெரிக்கக் கிளாசிக் கார் மேல பைத்தியமா இருந்து, அதுக்காகவே இங்க செலவு பண்றவங்க இருக்காங்க, அது வேற. பசங்களை ஸ்கூலுக்குக் கொண்டுவிடுற குடும்ப வண்டிக்கு அந்த அலைச்சல் தேவையில்லை. திரும்பிப் போகும்போதும் இதே கதைதான், எதிர்த் திசையில. இங்க ஆசைப்பட்டு ஒரு ஐரோப்பிய மாடல் வாங்கி அமெரிக்காவுக்கு நிரந்தரமாக் கொண்டுபோக நினைச்சா, 25 வருஷம் ஆகாத வண்டிக்கு அமெரிக்க விதிப்படி மாத்தித்தான் ஆகணும். அமெரிக்காவுல குடியிருக்காதவங்க சொந்த உபயோகத்துக்கு ஒரு வருஷம் வரைக்கும் கொண்டுபோய் ஓட்டலாம், அந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது.

இங்க வந்து வாடகைக்கோ வாங்கியோ ஓட்டும்போது கவனிக்க வேண்டியது இன்னும் சில இருக்கு. முக்கியமானது, பகல் விளக்கு. 2011 பிப்ரவரியில இருந்து ஐரோப்பாவுல புது மாடல் கார்களுக்கு முன்னாடி வெள்ளையா ஒரு பகல் விளக்கு கட்டாயம். நல்ல வெளிச்சம். டேஷ்போர்டும் எப்பவும் மின்னிக்கிட்டே இருக்கும். பொழுது சாயும்போது முன்னாடி வெளிச்சம் தெரியுது, மீட்டர் தெரியுது, சரி லைட் எரியுதுன்னு ஓட்டுவோம். பல கார்கள்ல அந்த நேரம் பின்னாடி ஒரு விளக்கும் எரியாது! கறுப்புக் கார், நெடுஞ்சாலை, இருட்டு, பின்னாடி ஒண்ணுமே இல்லை. கனடா இதைக் கவனிச்சு 2021 செப்டம்பர்ல இருந்து புது வண்டிகளுக்கு விதியை மாத்திடுச்சு: டெயில் லைட்டும் கூட எரியணும், இல்லைன்னா விளக்கு தானா மாறணும், இல்லைன்னா டேஷ்போர்டு இருட்டா இருந்து டிரைவருக்கு உறைக்கணும். மத்த ஊர்ல உங்க கைதான். ஸ்விட்ச்சை 'ஆட்டோ'வுல வையுங்க. ஆனா மழை, மூடுபனிக்கு ஆட்டோவை நம்பாதீங்க, அது வெளிச்சத்தைத்தான் அளக்கும், பனியை அளக்காது. கையால லோ பீம் போடுங்க.

சுவிட்சர்லாந்துல 2014-ல இருந்து பகல்லயும் விளக்கு எரியணும். போலந்துலயும் அப்படியே, இத்தாலியில ஊருக்கு வெளியே. சுவீடன் 1977-லயே ஆரம்பிச்சுட்டாங்க. பழைய கார்ல பகல் விளக்கு இல்லைன்னா லோ பீம் போட்டுட்டுப் போங்க. அமெரிக்காவுல இப்படி நாடு முழுக்க ஒரே விதி இல்லை, ஆனா பல மாநிலங்கள்ல வைப்பர் ஓடினா ஹெட்லைட் எரியணும்னு சட்டம்.

ஹெட்லைட் அடிக்கிறதுக்கு என்ன அர்த்தம்? நம்ம ஊர்ல எதிர்ல ஒருத்தர் லைட் அடிச்சா "நான் வர்றேன், நீ நில்லு." பிரிட்டன்ல நடைமுறையில பெரும்பாலும் "நீங்க போங்க." இந்த ரெண்டும் ஒரே சந்திப்புல மாட்டினா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. ஜெர்மனியில ஆட்டோபான் இடது லேன்ல பின்னாடி இருந்து அடிச்சா "வழி விடு." ஆனா ஒட்டிக்கிட்டே வந்து அடிச்சுக்கிட்டே இருந்தா மிரட்டல்னு கேஸ் ஆகும். அமெரிக்காவுல எதிர்ல வர்றவர் அடிச்சா பெரும்பாலும் முன்னாடி போலீஸ்னு அர்த்தம். மிசௌரியில ஒரு ஊர்ல இப்படி எச்சரிச்சவருக்கு டிக்கெட் கொடுத்தாங்க. 2014-ல ஃபெடரல் நீதிமன்றம் அது பேச்சுரிமைக்குள்ள வரும்னு சொல்லித் தடை போட்டது. ஹெட்லைட் அடிக்கிறதும் பேச்சுதான்னு ஒரு நீதிபதி சொல்லியிருக்கார், எனக்கு ரொம்பப் பிடிச்ச தீர்ப்பு. எது எப்படியோ, எந்த ஊர்லயும் அடுத்தவர் லைட் அடிச்சதை நம்பி மட்டும் வண்டியை எடுக்காதீங்க. சக்கரம் நிக்குதான்னு பாருங்க.

நாலு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போடுறது, நம்ம ஊர்ல பார்க்கிங் லைட்னு சொல்லுவாங்களே, அது. ஜெர்மனியில, பிரான்ஸ்ல நெடுஞ்சாலையில முன்னாடி வண்டிகள் தேங்கி நின்னா, கடைசியில போய்ச் சேர்றவர் இதைப் போட்டுப் பின்னாடி வர்றவருக்குச் சொல்றது வழக்கம், சட்டமும் அனுமதிக்குது. நீங்களும் போடுங்க, பின்னாடி ஒருத்தர் வேகம் குறைச்ச உடனே அணைச்சுடுங்க. அமெரிக்காவுல ஓடிக்கிட்டே இதைப் போடுறது மாநிலத்துக்கு மாநிலம் வேற. ஃபுளோரிடா 2021-லதான் பெருமழைக்கு, அதுவும் 55 மைலோ அதுக்கு மேலயோ வேகம் அனுமதிச்ச சாலைகளுக்கு, இடம் கொடுத்தது.

ஒரு குட்டி விஷயம். ஜெர்மன் கார் வாடகைக்கு எடுத்து, ராத்திரி நிறுத்திட்டு வரும்போது ஒரு பக்கம் மட்டும் சின்ன விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்குன்னா, கார் கெட்டுப் போகலை. வண்டியை அணைச்ச பிறகு இண்டிகேட்டர் தண்டு ஒரு பக்கம் தள்ளியிருக்கு. குறுகலான தெருவுல நிறுத்தின காரோட சாலைப் பக்கத்தை மட்டும் காட்டுறதுக்கான வசதி அது. தண்டை நடுவுல கொண்டுவந்தா அணைஞ்சுடும்.

கடைசியா, எதிர்ல வண்டி வந்தா அந்த இடத்தை மட்டும் இருட்டாக்கி, மத்த இடத்துல ஹை பீமை விடாம அடிக்கிற விளக்கு. ஆடி 2013-ல ஏ8 கார்ல எல்ஈடி மேட்ரிக்ஸா கொண்டுவந்தது. ஐரோப்பாவுல ஓடிக்கிட்டு இருந்த அதே கார்கள் அமெரிக்காவுல அந்த வசதியை முடக்கி வித்தாங்க, ஏன்னா பழைய விதியில ஹை பீம், லோ பீம்னு ரெண்டுதான், நடுவுல ஒண்ணு கிடையாது. டொயோட்டா 2013-ல மனு போட்டது, 2022 பிப்ரவரியிலதான் அனுமதி வந்தது. அதுவும் ஐரோப்பியச் சோதனையை அப்படியே எடுத்துக்கலை, தனியா ஒரு சோதனை வெச்சாங்க. அதனால இங்கத்து மென்பொருளை அங்க அப்படியே திறந்து விட முடியலை. ரெண்டு மொழியும் ஒண்ணு சேர ஒரு வாய்ப்பு வந்தது, அங்கயும் ரெண்டு இலக்கணம் எழுதிட்டாங்க.

வாடகைக் கார்ல இந்த வசதி இருந்தா ஹை பீமை ஆட்டோவுல விட்டுப் பாருங்க, ரொம்ப நல்லா வேலை செய்யும். சைக்கிள்ல வர்றவரையும் நடந்து வர்றவரையும் மட்டும் சில நேரம் கவனிக்காது, அப்போ நீங்களே டிம் பண்ணிடுங்க.

உங்க கார் விளக்குல வட்டத்துக்குள்ள என்ன எண் இருக்குன்னு பார்த்து எழுதி அனுப்புங்க, எந்தெந்த நாடுன்னு அடுத்த எபிசோட்ல சொல்றேன். அதுல குளிர்கால டயர் பத்திப் பேசலாம்னு இருக்கேன்.